விசைக்கும் எழுத்துக்கும் இடையே

பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், தாம் எழுதியதை உடனுக்குடன் தெளிவாகக் கண்டவர் அல்லர். ஓலையின்மேல் கீறல் விழும். அக்கீறல் கருமை பெற்றுக் கண்ணுக்குப் புலனாகவேண்டுமெனில், எழுதி முடித்த பின்னர் அதன்மீது கரியையோ இலைச்சாற்றையோ பூசித் துடைத்தல் வேண்டும். அதுவரை எழுதியவரின் விரலுணர்வே அவருக்குக் கண்ணாக இருந்தது. ஆயினும் அவர்தம் எழுத்தோட்டம் தடைப்பட்டதில்லை. கைக்கும் கண்ணுக்கும் இடையே இருந்த அந்த இடைவெளி அவர்கள் நன்கறிந்தது, நாள்தோறும் மாறாதது, எதிர்பார்க்கத்தக்கது.

இன்று கணினியின் உலாவியில் கடிதமோ கட்டுரையோ எழுதுகின்றவர் படுகின்ற இடர் வேறு வகையானது. விரல் விசையைத் தட்டுகிறது, எழுத்து தோன்றவில்லை. மேலும் நான்கு விசைகளைத் தட்டுகிறார். திரை அசையாமல் இருக்கிறது. பிழை நேர்ந்ததோ என ஐயுற்று அழிக்கும் விசையைத் தட்டுகிறார். அவ்வேளையில் முன்பு தட்டிய எழுத்துகள் யாவும் ஒருங்கே வந்து விழுகின்றன. அழிக்கும் ஆணையும் உடன் வந்து, வேண்டிய எழுத்தையே அழித்துவிடுகிறது. எழுதவந்த கருத்து சிதறிப்போகிறது. சிந்தனைக்கும் சொல்லுக்கும் இடையே நேர்கின்ற இவ்விடையூற்றைச் சிறு தொல்லை என ஒதுக்கிவிட முடியாது. எழுதுவதையே தொழிலாகக் கொண்டவர்க்கு இது பேரிழப்பாகும்.

விசைக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்தவர், தாமதம் தோன்றுமிடம் ஒன்று, அதன் வேர் இருக்குமிடம் மற்றொன்று என்னும் உண்மையையும் அறிவர். வேரைக் காணும் வழியும் அவ்வரலாற்றிலேயே அடங்கியுள்ளது.

தட்டச்சுப்பொறியின் காலம்

அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷோல்ஸ் தம் நண்பர்களுடன் சேர்ந்து 1868ஆம் ஆண்டு தட்டச்சுப்பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ரெமிங்டன் நிறுவனம் அதனைச் செப்பம் செய்து 1874ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. விசையைத் தட்டிய அக்கணமே அச்சுக்கோல் எழும்பித் தாளில் எழுத்தைப் பதித்தது. ஆனால் அப்பொறியில் அச்சுக்கோல்கள் உருளையின் அடிப்புறத்திலிருந்து எழும்பித் தாக்கின. ஆதலால் பதிந்த எழுத்தைத் தட்டச்சர் காண இயலவில்லை. உருளை பொருந்திய மேற்பகுதியைத் தூக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். எழுத்து உடனே பிறந்தது, காட்சிதான் தாமதமாயிற்று. 1890களில் அண்டர்வுட் பொறி போன்றவை வந்த பின்னரே தட்டியவுடன் எழுத்தைக் காணும் நிலை பரவிற்று.

அக்காலத்திலும் தடங்கல்கள் இருந்தன. விரைந்து தட்டினால் அடுத்தடுத்த அச்சுக்கோல்கள் ஒன்றோடொன்று மோதிச் சிக்கிக்கொள்ளும். ஆனால் தடங்கலின் இடம் வெளிப்படையாகத் தெரிந்தது. கையை நீட்டிச் சிக்கிய கோல்களை விடுவித்துவிட்டால் வேலை தொடரும். நோயும் அதன் காரணமும் ஒரே இடத்தில் இருந்த காலம் அது.

தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைந்த வரலாறு மலாயா, சிங்கப்பூர் மண்ணோடு தொடர்புடையது. யாழ்ப்பாணத்திலிருந்து இப்பகுதிக்கு வந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா அதனை வடிவமைத்தார். முதல் உலகப் போருக்குப் பின்னர் அப்பொறி ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. 247 எழுத்துகளுக்கும் தனித்தனி விசை அமைக்க எப்பொறியாலும் இயலாது. ஆகவே புள்ளிக்கும் இகர ஈகாரக் குறிகளுக்கும் நகரா விசைகள் அமைந்தன. அவ்விசையைத் தட்டினால் குறி பதியும்; ஆனால் தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டினால் அது அக்குறியின் கீழேயே வந்து அமரும். குறியை முதலிலும் எழுத்தைப் பின்னரும் தட்டுதல் வழக்கத்திற்கு மாறானது. எனினும் தமிழ்த் தட்டச்சர் அதனைப் பழகிக்கொண்டனர். மாறாத ஒழுங்கு எதுவாயினும் கை அதற்குப் பழகிவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

எழுத்து பயணம் போய்த் திரும்பிய காலம்

1961ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செயல்படுத்திக் காட்டினர். விசைக்கும் எழுத்துக்கும் இடையே இருந்த நேரடித் தொடர்பு இத்தகைய முறைகளில்தான் அறுபட்டது. பல அமைப்புகளில், தட்டப்பட்ட விசை தொலைவிலுள்ள கணினிக்குச் செய்தியாகச் சென்றது. கணினி அதனைப் பெற்று, எதிரொலிபோல் அதே எழுத்தைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்த எழுத்தே தாளில் அச்சாயிற்று. எழுதியவர் கண்டது தம் விரலின் எழுத்தன்று. கணினி ஏற்றுக்கொண்டு விடையாக அனுப்பிய எழுத்தேயாகும்.

1963ஆம் ஆண்டு வெளிவந்த டெலிடைப் 33 என்னும் பொறி விநாடிக்குப் பத்து எழுத்துகளை மட்டுமே அச்சிட வல்லது. ஆயினும் அதன் தாமதம் சீரானது. கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தி நெருக்கடி மிகும்போதுதான் எதிரொலி பின்தங்கிற்று. எவ்வளவு பின்தங்கும் என்பதை எழுதுபவர் அறிய இயலவில்லை. இடைவெளி முதன்முறையாக நிலையற்றதாயிற்று.

மனிதன் எவ்வளவு தாமதத்தைப் பொறுப்பான் என்னும் வினா அப்போது எழுந்தது. ராபர்ட் மில்லர் என்னும் ஆய்வாளர் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை கண்டார். விசையைத் தட்டியதற்கும் எழுத்து தோன்றுவதற்கும் இடையே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் செல்லலாகாது என்பது அவர் வகுத்த வரம்பு. நூறு மில்லி விநாடி என்னும் அவ்வளவு இன்றளவும் அளவுகோலாக நிற்கிறது. நிமிடத்திற்கு 60 சொற்கள் என்னும் வேகத்தில், சொல்லுக்கு ஐந்து எழுத்தாகக் கொண்டு கணக்கிட்டால், ஒரு விசைக்கும் அடுத்த விசைக்கும் இடையே 200 மில்லி விநாடியே உள்ளது. தாமதம் அதனைத் தாண்டினால், கை அடுத்த எழுத்திற்குப் போய்விட்ட பிறகே முந்தைய எழுத்து கண்ணில் படும்.

அடுத்த ஆண்டிலேயே எழுத்தின் பயணம் மேலும் நீண்டது. 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணினிக்கும் ஸ்டான்போர்டு ஆய்வு நிலையக் கணினிக்கும் இடையே ஆர்ப்பாநெட் வலையமைப்பின் முதல் செய்தி சென்றது. உள்நுழைவதற்குரிய ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அனுப்பத் தொடங்கினர். 'எல்', 'ஓ' என்னும் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அடுத்த எழுத்தில் மறுமுனைக் கணினி நிலைகுலைந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னர் முயற்சி நிறைவேறிற்று. தட்டிய எழுத்து போய்ச் சேர்ந்ததா என்னும் கவலையோடுதான் இணையத்தின் வரலாறே தொடங்கியது எனலாம்.

ஓர் எழுத்தும் நாற்பது சுமைகளும்

1984ஆம் ஆண்டு, போர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் நேகிள் ஒரு விந்தையான வீணடிப்பை எடுத்துக்காட்டினார். வலையமைப்பில் ஓர் எழுத்தைத் தனியே அனுப்பினால், அதனைச் சுமந்து செல்லும் பொதிக்கு முகவரி முதலான தலைப்புகளாக 40 பைட்டுகள் தேவைப்பட்டன. ஒரு பைட்டுச் செய்திக்கு 41 பைட்டுகள் பயணம் செய்தன. ஒரேயொரு நெல்மணியை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி புறப்படுவது போன்றது இது.

நேகிள் கண்ட தீர்வு எளியது. முன்னர் அனுப்பிய பொதி கிடைத்தது என்னும் ஒப்புகை வரும்வரை, புதிதாக வரும் சிற்றெழுத்துகளைத் திரட்டி வைத்து ஒரே வண்டியில் ஏற்றிவிடுதல். இதனால் வலையமைப்பின் நெரிசல் குறைந்தது. ஆனால் மறுமுனையிலும் ஒரு சிக்கனம் வழக்கில் இருந்தது. ஒப்புகையைத் தனியே அனுப்பாமல், அனுப்பவேண்டிய வேறு செய்தி ஏதேனும் வருமா எனச் சிறிது நேரம் காத்திருந்து, அதனோடு சேர்த்தனுப்பும் முறை அது. இவ்விரு சிக்கனங்களும் சந்தித்தபோது, ஒப்புகை வராமல் எழுத்தை அனுப்பேன் என்று ஒரு முனையும், செய்தி வராமல் ஒப்புகையை அனுப்பேன் என்று மறுமுனையும் காத்துக்கிடந்தன. பல அமைப்புகளில் இக்காத்திருப்பு 200 மில்லி விநாடிவரை நீடித்தது.

இங்கு எண்ணிப்பார்க்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. இரு முறைகளில் எதுவும் தவறானதன்று. இரண்டும் நல்ல நோக்கத்தில் அமைந்தவை. அவற்றின் சேர்க்கையே தாமதத்தை விளைவித்தது. குற்றவாளி எவரும் இல்லாத குற்றம் என்னும் இந்நிலை, பின்னாளில் உலாவிகளின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

உலாவியில் ஒற்றைவழிப் பாதை

டிம் பெர்னர்ஸ் லீ 1990ஆம் ஆண்டு உருவாக்கிய முதல் உலாவி ஆவணங்களைப் படிப்பதற்கும் திருத்துவதற்கும் உரியதாக இருந்தது. பின்னர்ப் பரவிய உலாவிகள் பெரும்பாலும் படிப்பதற்கே பயன்பட்டன. எழுதும் இடம் என்பது பெயரும் முகவரியும் நிரப்பும் சிறு கட்டங்களோடு நின்றது. அக்கட்டத்தில் தட்டிய எழுத்து தொலைவுக்குச் செல்லவில்லை. எழுதுபவரின் கணினியிலேயே தோன்றியது. எதிரொலியின் தாமதம் ஒழிந்தது எனப் பலரும் மகிழ்ந்தனர்.

1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரண்டன் ஐக் பத்து நாள்களில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியின் முதல் வடிவை உருவாக்கினார். அதன்வழி இணையப் பக்கங்கள் உயிர்பெற்றன. ஆனால் அம்மொழியின் அமைப்பில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. பக்கத்தின் நிரல் ஒரே வரிசையில்தான் இயங்கும். எழுத்தை வாங்குதல், கணக்கிடுதல், பக்கத்தை ஒழுங்குபடுத்துதல் ஆகிய அனைத்தும் அவ்வரிசையிலேயே நின்று முறைவரக் காத்திருக்கவேண்டும். ஒற்றை வழிச் சாலையில் பாரவண்டி ஒன்று முன்னே ஊர்ந்தால், பின்னே வரும் மிதிவண்டியும் ஊர்ந்தே ஆகவேண்டும். எழுத்தென்னும் மிதிவண்டியின் நிலை அதுவேயாயிற்று.

தொடக்கத்தில் பாரவண்டிகள் குறைவாதலால் இது உணரப்படவில்லை. 2004ஆம் ஆண்டு கூகிள் தேடற்கட்டத்தில் ஒவ்வோர் எழுத்திற்கும் பரிந்துரை காட்டும் முறை வந்தது. 2006ஆம் ஆண்டு பயர்பாக்ஸ் 2 உலாவியில் எழுத்துப்பிழை காட்டும் வசதி சேர்ந்தது. அதே ஆண்டில் ரைட்லி என்னும் இணையச் சொற்செயலியைக் கூகிள் வாங்கிற்று. அதன்வழி உலாவியே எழுதுபலகையாகும் நிலை பிறந்தது. பின்னர், ஒவ்வொரு விசைக்கும் சொற்களை எண்ணுதல், வரைவைச் சேமித்தல், எழுத்துப்பிழை நோக்குதல், தோற்றத்தைச் சரிசெய்தல் எனப் பக்கங்கள் தாமே சுமைகளை ஏற்றிக்கொண்டன. பயன்படுத்துவோர் நிறுவிய நீட்சிகளும் தத்தம் பங்குக்கு ஒவ்வோர் எழுத்தையும் நிறுத்தி விசாரித்தன.

இந்நெருக்கடியைத் தணிக்கும் முயற்சிகளும் நடந்தன. 2008ஆம் ஆண்டு வெளிவந்த குரோம் உலாவி, பக்கங்களைத் தனித்தனிச் செயற்பாடுகளாகப் பிரித்தது. ஒரு பக்கத்தின் சோர்வு மற்றொன்றைத் தாக்காதிருக்க இது உதவிற்று. பயர்பாக்ஸ் 2016ஆம் ஆண்டில் இத்தகைய பிரிவினையைத் தன் பயனர்களிடையே பரப்பத் தொடங்கியது. ஆனால் ஒரு பக்கத்திற்குள் உள்ள ஒற்றைவழிப் பாதை அடிப்படையில் அவ்வாறே நின்றது.

பழி ஓரிடம், வேர் வேறிடம்

உலாவியின் தாமதத்தை ஆராய்ந்தவர் கண்ட இரு நிகழ்ச்சிகள் வரலாற்றில் குறிக்கத்தக்கவை.

முதலாவது, 2008ஆம் ஆண்டு பயர்பாக்ஸ் 3 உருவாகிக்கொண்டிருந்த வேளையில் நிகழ்ந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் அதன் முன்னோட்டப் பதிப்பைப் பயன்படுத்தியோர் சிலர்க்கு, உலாவி அவ்வப்போது பல விநாடிகள் உறைந்து நின்றது. உலாவியின் நிரலே பழுதென்று பலரும் கருதினர். ஆராய்ந்தபோது வேறோர் உண்மை புலப்பட்டது. பார்த்த பக்கங்களின் பட்டியலை அப்பதிப்பு ஒரு தரவுத்தளத்தில் எழுதிற்று. மின்தடை நேர்ந்தாலும் அது கெடலாகாது என்பதற்காக, எழுதியது வட்டில் பதிந்ததை உறுதிசெய்யுமாறு இயங்குதளத்தை வேண்டிற்று. அக்காலத்தில் பரவலாக இருந்த ஈஎக்ஸ்டி3 கோப்பமைப்பு, அவ்வேண்டுகோள் வந்தவுடன் உலாவியின் சில வரிகளோடு நில்லாமல், பிற நிரல்கள் எழுதக் காத்திருந்த தரவுகளையும் வட்டில் எழுதி முடித்த பின்னரே விடையளித்தது. வேறொரு நிரல் பெருங்கோப்பு ஒன்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தால், அது முடியும்வரை உலாவி வாய்மூடி நின்றது. உறுதிகேட்கும் வழக்கத்தை உருவாக்குநர் குறைத்தனர், தொல்லை தணிந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி 2018ஆம் ஆண்டைச் சேர்ந்தது. குரோம் உலாவியை உருவாக்குவோருள் ஒருவரான புரூஸ் டாசன், ஜிமெயிலில் கடிதம் எழுதும்போது எழுத்து தடைப்பட்டுத் தடைப்பட்டு வருவதைக் கண்டார். அவருடைய கணினியோ 24 கருக்கள் கொண்ட செயலகமும் 64 கிகாபைட்டு நினைவகமும் உடையது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. ஆயினும் ஒரு கடிதத்தை எழுத இயலவில்லை.

கணினியை மீண்டும் தொடங்கினால் தொல்லை தற்காலிகமாக மறைந்திருக்கும். காரணமும் அதனோடு மறைந்திருக்கும். டாசன் அவ்வாறு செய்யாமல், கணினியின் உள்நிகழ்ச்சிகளை விநாடியின் நுண்கூறுகளாகப் பதிவுசெய்யும் கருவியைக் கொண்டு தடைப்பட்ட கணத்தை ஆராய்ந்தார். கணினியின் நிலையைக் கணக்கெடுக்கும் விண்டோஸ் நிரல் ஒன்று, ஜிமெயில் பக்கத்துக்குரிய நினைவக வரைபடம் முழுவதையும் வரிசையாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தது. பார்வையிடும் நேரமெல்லாம் ஒரு பூட்டைத் தன் கையில் வைத்திருந்தது. அப்பூட்டுக்காக உலாவி காத்து நின்றது.

பார்வையிட ஏன் அவ்வளவு நேரம்? பாதுகாப்பை முன்னிட்டு, குரோமின் நிரல் இயந்திரம் தன் ஆணைத்தொகுதிகளை நினைவகத்தில் ஒவ்வொரு முறையும் புதிய புதிய முகவரியில் வைத்தது. விண்டோஸின் மற்றொரு பாதுகாப்பு ஏற்பாடு, அம்முகவரிகள் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதிவைத்து, தேவை தீர்ந்த பின்னரும் அக்குறிப்புகளை விடாது காத்தது. நெடுநேரம் திறந்துகிடந்த பக்கத்திற்கு இக்குறிப்புகள் மலைபோல் குவிந்தன. கணக்கெடுக்கும் நிரல் அம்மலையை ஒவ்வொரு முறையும் ஏறி இறங்கிற்று. பழைய முகவரிகளையே மீண்டும் பயன்படுத்துமாறு நிரல் இயந்திரம் திருத்தப்பட்டபோது தொல்லை தீர்ந்தது. இங்கும் தனியொரு குற்றவாளி இல்லை. இரு பாதுகாப்புகளும் ஒரு கணக்கெடுப்பும் சேர்ந்து ஓர் எழுத்தை மறித்தன.

தமிழ் எழுத்தின் நெடுவழி

இவ்வரலாற்றில் தமிழ் எழுதுவோர்க்குத் தனிக் கவலை உண்டு. ஆங்கில எழுத்து பெரும்பாலும் ஒரு விசையில் முடிந்துவிடும். தமிழ் எழுத்து திரையை அடைவதற்கு மேலும் சில படிகளைக் கடக்கவேண்டும்.

கணினியிலும் இணையத்திலும் தமிழை நிலைபெறச் செய்ததில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் முன்னணிப் பங்குண்டு. சிங்கப்பூர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி கணியன் என்னும் மென்பொருளை அளித்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1997ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. அதன் தொடர்ச்சியாக 1999ஆம் ஆண்டு சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகை பொதுத்தரமாயிற்று. கோவிந்தசாமி அவ்வாண்டிலேயே மறைந்தார்.

தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடப்புறத்திலும் மெய் வலப்புறத்திலும் அமைந்துள்ளன. 'ந' என்னும் விசைக்குப் பின் 'த' என்னும் விசையைத் தட்டினால், முன்னர்த் தோன்றிய 'ந' தானாகவே புள்ளி பெற்று 'ந்த' என மாறுகிறது. 'க' என்பதை இருமுறை தட்டினால் 'க்க' ஆகிறது. மொழியின் இயல்பை உணர்ந்து அமைத்த அழகிய முறை இது. ஆனால் இம்முறையில், திரையில் முன்பே தோன்றிவிட்ட எழுத்து அடுத்த விசையால் உருமாறுகிறது. ஒருங்குறியிலோ 'கொ' என்னும் எழுத்து ககரத்தின் பின் ஒகரக்குறியாகச் சேமிக்கப்படுகிறது. காட்சியில் மட்டும் ஒற்றைக்கொம்பு முன்னும் கால் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. பழைய தட்டச்சுப்பொறி கண் காணும் வரிசையைப் பின்பற்றிற்று. கணினி செவி கேட்கும் வரிசையைப் பின்பற்றுகிறது. செவியின் வரிசையைக் கண்ணின் வரிசையாக்கும் பணி ஒவ்வொரு விசையிலும் நிகழவேண்டும்.

ஆகவே விசை தட்டப்பட்டதும் உள்ளீட்டு மென்பொருள் அதனை ஆராய்கிறது. முன்னெழுத்தைத் திருத்துமாறு உலாவிக்குச் சொல்கிறது. உலாவி அதனைப் பக்கத்தின் நிரலுக்கு அறிவிக்கிறது. பின்னரே எழுத்துருவின் விதிப்படி வடிவம் புனையப்படுகிறது. இப்படிகள் யாவும் இயல்பான நிலையில் இமைப்பொழுதில் முடிவனவே. ஆனால் ஒற்றைவழிப் பாதை அடைபடும்போது தமிழ் எழுதுபவர் இருமடங்கு குழம்புகிறார். ஆங்கிலம் எழுதுபவர் எழுத்து வரவில்லை என்று மட்டுமே கருதுவார். தமிழ் எழுதுபவரோ அரைகுறையாக உருவான எழுத்தைக் காண்கிறார். அது பிழையா, முடியாத எழுத்தா என அறியாமல் திகைக்கிறார். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி எழுதப்பட்ட பக்க நிரல் சில வேளைகளில் உருமாற்றத்தின் நடுவே குறுக்கிட்டு எழுத்தையே சிதைத்துவிடுவதும் உண்டு.

ஆய்ந்தறியும் நெறி

நோயை அறிந்து, நோயின் காரணத்தை அறிந்து, அதன் பின்னரே மருந்தை நாடுதல் மருத்துவ நெறி. இவ்விடருக்கும் அந்நெறியே பொருந்தும். எழுத்து செல்லும் வழியைக் கூறுகளாகப் பிரித்து, எக்கூறுவரை அது தடையின்றிச் செல்கிறது என்று காண்பதே அதன் உயிர்நிலை.

முதலில் உலாவியை விடுத்து, எளிய எழுதுநிரல் ஒன்றில் தட்டிப்பார்த்தல் வேண்டும். அங்கும் தாமதம் இருப்பின் உலாவியைப் பழிப்பதில் பயனில்லை. கம்பியில்லா விசைப்பலகையின் மின்கலம் நலிந்திருக்கலாம். விண்டோஸில் வலப்புறத்து ஷிப்ட் விசையை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால், நடுங்கும் கையினர்க்கு உதவும் பொருட்டு அமைந்த ஓர் ஏற்பாட்டை இயக்கும் வழி திறக்கும். அது சிறு அழுத்தங்களைப் பொருட்படுத்தாது விடும். அறியாமல் அதனை இயக்கிவிட்டு விசைப்பலகையை மாற்றியோரும் உளர்.

எளிய நிரலில் தாமதம் இல்லையெனில், உலாவியின் முகவரிக் கட்டத்தில் தட்டிப்பார்த்தல் அடுத்த படி. அக்கட்டம் பக்கத்திற்கு உரியதன்று, உலாவிக்கே உரியது. அங்கும் தாமதம் இருந்தால், உலாவியிலோ அதற்குக் கீழே உள்ள வட்டு, நினைவகம் ஆகியவற்றிலோ நோய் உள்ளது. அங்கு விரைந்தும் பக்கத்தில் தயங்கியும் எழுத்து வருமாயின், பக்கத்தின் நிரல் அல்லது நீட்சிகள் ஐயத்திற்குரியவை. ஒரு தளத்தில் மட்டுமா, எல்லாத் தளங்களிலுமா என்னும் வினா அவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்துக்காட்டும்.

நீட்சிகளை ஐயுற்றால், அவற்றை முழுவதும் நிறுத்திவிட்டுப் பார்க்கவேண்டும். இடர் நீங்குமாயின், பாதியை மட்டும் மீண்டும் இயக்கவேண்டும். இடர் திரும்பிய பாதியை மேலும் பாதியாக்கவேண்டும். பதினாறு நீட்சிகள் இருப்பினும் நான்கு சோதனைகளில் ஒன்று தனித்து நிற்கும். நீட்சிகள் குற்றமற்றவையெனில், புதிய பயனர் கோப்புறையோடு உலாவியைத் தொடங்கிப் பார்த்தலும், வரைகலைப் பொறியின் துணையை நிறுத்திப் பார்த்தலும் அடுத்து வரும். பக்கத்தின் நிரலே தடையெனில், உலாவியில் அமைந்த செயல்திறன் பதிவுக்கருவி அதனை வெளிப்படுத்தும். 50 மில்லி விநாடியைத் தாண்டி வரிசையை மறிக்கும் வேலைகளை அது தனியே குறித்துக்காட்டும். பக்கத்தை உருவாக்குபவர், விரல் ஓய்ந்த பின் செய்யத்தக்க பணிகளை ஒவ்வொரு விசையிலும் செய்யாது ஒத்திவைத்தால் பெரும்பாலான இடர்கள் தீரும்.

இந்நெறியில் மீறலாகாத விதி ஒன்றுண்டு. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும். ஐந்து மாற்றங்களை ஒருங்கே செய்து இடர் தீர்ந்தால், எது மருந்து என்பது தெரியாது. நோய் மீண்டும் வரும்போது மீண்டும் இருளிலேயே நிற்கவேண்டும்.

முடிவு

2017ஆம் ஆண்டு டான் லூ என்னும் பொறியாளர், பல காலத்துக் கணினிகளில் விசை அழுத்தத்திற்கும் திரையின் எழுத்திற்கும் இடையே உள்ள நேரத்தை அளந்தார். 1983ஆம் ஆண்டின் ஆப்பிள் 2இ கணினி 30 மில்லி விநாடியில் எழுத்தைக் காட்டிற்று. அதனினும் பன்மடங்கு ஆற்றல் படைத்த புதிய கணினிகள் சில, நூறு மில்லி விநாடியையும் தாண்டின. ஆற்றல் பெருகப் பெருக எழுத்து கடக்கவேண்டிய வாயில்களும் பெருகின என்பதே இதன் பொருள். விசைப்பலகையை வினவும் கால இடைவெளி, இயங்குதளம், உள்ளீட்டு மென்பொருள், உலாவி, பக்கத்தின் நிரல், விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரை என வாயில் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் கூகிள், இணையப் பக்கங்களின் தரத்தை மதிப்பிடும் அளவைகளுள் ஒன்றாக, தொடுதலுக்கும் விசைக்கும் பக்கம் விடையளிக்கும் நேரத்தைச் சேர்த்தது. 200 மில்லி விநாடிக்குள் அடங்குவது நன்று என்றும், 500ஐத் தாண்டுவது குறையுடையது என்றும் வரம்பு வகுத்தது. மில்லர் 1968இல் விசைக்கு வகுத்த வரம்போடு ஒப்பிட்டால் இது இருமடங்கு தளர்ந்தது. ஆயினும் எழுதுபவரின் காத்திருப்பை அளந்து, அதற்குப் பக்கத்தை உருவாக்கியவரைப் பொறுப்பாக்கும் முறை வந்தது வரவேற்கத்தக்கதே.

ஓலையில் எழுதியவரும், எழுத்தைக் காணாமலேயே தட்டிய முதல் தட்டச்சரும், நகரா விசைக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சரும் இடைவெளியோடு வாழ்ந்தவர்களே. அவர்களுடைய இடைவெளி ஒழுங்குடையதாக இருந்தது. ஆதலால் சிந்தனை அதன்மேல் நடந்தது. ஒழுங்கற்ற இடைவெளியே சிந்தனையை முறிக்கிறது. அதனை விதியெனப் பொறுப்பதும், புதிய கணினி வாங்கினால் தீருமென நம்புவதும் ஒன்றுபோல் பயனற்றவை. 24 கருக்கள் கொண்ட கணினியிலும் ஒரு கடிதம் தடைப்பட்டது. எழுத்து செல்லும் வழியைப் படிப்படியாகப் பிரித்தறியும் பொறுமையே அதற்கு மருந்து. பல வாயில்களைக் கடந்து திரைக்கு வரவேண்டிய மொழியை எழுதுவோர்க்கு அப்பொறுமை மற்றவரினும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.